‘கேஸ் தீர்ந்துவிட்டது’

சென்ற வாரம் என் வீட்டு ஏசி மூன்றாம் முறையாகப் பழுதானதைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். வந்த மறுமொழிகள் பெரும்பாலும் இரண்டு வகை. முதல் வகையினர், “மெக்கானிக்குகள் எல்லாரும் திருடர்கள், நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்” என்று ஆறுதல் கூறினர். இரண்டாம் வகையினர், பெரும்பாலும் நம் துறையினர், “சூழலியல் பேசும் ஆய்வாளருக்கு ஏசி எதற்கு?” என்று வினவினர். நான் மிகவும் மதிக்கும் பேராசிரியர் ஒருவர் ‘நடுத்தர வர்க்கத்தின் குளிர் மோகம்’ என்றொரு தொடரையும் அருளிச்செய்தார். இரு சாராருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இரு சாராரும் குற்றவாளியைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்பது என் துணிபு. பதிவு நீளும், பொறுத்தருள்க.

முதலில் நடந்தது. கொல்கத்தாவின் தென்பகுதியில், நான்காம் மாடியில், மேற்குப் பார்த்த வாடகை வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். தலைக்கு மேல் மொட்டைமாடி. அம்மாவுக்கு வயது 68. இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்கிறார். அந்த மாத்திரை உட்கொள்வோரின் உடல் வெக்கையில் நீரையும் உப்பையும் எளிதில் இழந்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்த பிறகுதான், ஆய்வு உதவித்தொகையிலிருந்து தவணை கட்டி ஏசி வாங்கினேன். சென்ற ஆண்டு மே மாதம் அது குளிராமற் போனது. நிறுவனத்தின் ‘அங்கீகரிக்கப்பட்ட’ சேவையிலிருந்து ஒருவர் வந்தார், குழாயைத் தொட்டுப் பார்த்தார், “கேஸ் தீர்ந்துவிட்டது” என்றார். 3,200 ரூபாய். இவ்வாண்டு ஏப்ரலில் வேறொருவர் வந்தார். அதே குழாய், அதே வாக்கியம். ரூபாய் மட்டும் சற்றுக் கூடியிருந்தது. மே முடிவதற்குள் மூன்றாம் முறை. இம்முறை புகார் பதிவு செய்து ஐந்து நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் இரவு அம்மா குளியலறை வாயிலில் தலைசுற்றிச் சரிந்தார். இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அடிபடவில்லை, நலமாகிவிட்டார். ஆயினும் ‘மோகம்’ என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு அந்த வாயிற்படிதான் நினைவுக்கு வந்தது.

இனி, ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்னும் வாக்கியத்துக்கு வருவோம். இந்தியா முழுவதும் கோடைதோறும் எல்லா மொழிகளிலும் சொல்லப்படும் இவ்வாக்கியம் இயற்பியலின்படி பொருளற்றது. ஏசிக்குள் இருக்கும் குளிர்பதன வாயு பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்ச் சுற்றுக்குள் ஆவியாகியும் மீண்டும் திரவமாகியும் அறையின் வெப்பத்தை வெளியே சுமந்து செல்வதே அதன் தொழில். சுற்று முழுமையாக இருக்கும்வரை, தொழிற்சாலையில் இட்ட வாயு இயந்திரத்தின் ஆயுள் முடியும்வரை போதும். அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பது மட்டுமே பொருள். ஓட்டையைத் தேடாமல் வாயுவை நிரப்புவது கசியும் குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றுவதே. அந்தத் தண்ணீருக்கு ஒவ்வொரு முறையும் நாம் விலை கொடுக்கிறோம்.

அதிலும் பல நேரங்களில் வாயு குறையாமலேயே ‘குறைந்துவிட்டது’ எனப்படுகிறது. உள்பெட்டியின் வலையில் தூசி அடைத்துக் காற்றோட்டம் குறைந்தாலும் காயிலில் பனி படரும். வாயு குறைந்தாலும் படரும். கண்ணுக்குத் தெரியும் அறிகுறி ஒன்று, காரணம் இரண்டு. வெளிப்பெட்டியின் தகடுகள் அழுக்கால் அடைபட்டிருந்தாலும் குளிர்ச்சி குறையும். பழைய வகை இயந்திரங்களில் சில நூறு ரூபாய் பெறும் கெப்பாசிட்டர் கெட்டாலே கம்ப்ரசர் ஓடாது. இவற்றைப் பிரித்தறிய அரைமணி நேரமாவது வேண்டும். என் வீட்டுக்கு முதலில் வந்தவர் பதினோரு நிமிடம் இருந்தார். (அம்மா கடிகாரம் பார்ப்பவர்.)

முறையான பணி என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தத்துடன் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருமிடத்தைக் காண வேண்டும். அவ்விடத்தைப் பற்றவைக்கவோ புதிதாக இணைக்கவோ வேண்டும். பிறகு வேக்குவம் பம்ப் கொண்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் முற்றாக வெளியேற்ற வேண்டும். இங்குள்ள காற்று ஈரம் மிகுந்தது. அது உள்ளே தங்கினால் கம்ப்ரசர் எண்ணெயோடு வினைபுரிந்து அமிலமாகும், கம்ப்ரசரின் ஆயுளைத் தின்னும். இறுதியாக, தகட்டில் எழுதியுள்ள அளவுக்குத் தராசில் நிறுத்து வாயுவை ஏற்ற வேண்டும். என் வீட்டுக்கு முதல் இரு முறை வந்தவர்களிடம் நைட்ரஜனும் இல்லை, பம்பும் இல்லை, தராசும் இல்லை. ஓர் உருளையும் ஓர் அழுத்தமானியும் இருந்தன.

இங்கே சூழலியல் நண்பர்களைச் சற்றுக் கணக்குப் போட அழைக்கிறேன். என் வெளிப்பெட்டியின் தகட்டில் ‘ஆர்-32, 800 கிராம்’ என்றிருக்கிறது. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-32 ஏறத்தாழ 675 கிலோ கரியமில வாயுவுக்கு நிகர். (பழைய ஆர்-22 என்றால் 1,810, ஆர்-410ஏ என்றால் 2,088.) ஆகவே என் பெட்டியின் வாயு முழுதும் ஒரு முறை கசிந்தால் 540 கிலோ. மறுபுறம், நல்ல ஒன்றரை டன் ஏசி ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடினால் சுமார் 800 யூனிட் மின்சாரம் செலவாகும். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. 22-ஐ 24 ஆக்கினால் 96 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று கொண்டால் ஏறக்குறைய 67 கிலோ. அதாவது, நான் எட்டு ஆண்டுகள் வியர்வையைப் பொறுத்துக்கொண்டு சேர்க்கும் புண்ணியம் ஒரே ஒரு ஓட்டையில் கரைந்துவிடும். என் வீட்டில் அது இரண்டு முறை கரைந்தது, மூன்றாம் முறையும் கரையத் தொடங்கிவிட்டது. துல்லியமான கணக்கன்று, ஆனால் அளவின் வேறுபாடு விளங்கும்.

இந்த வேறுபாடு அரசுக்குத் தெரியாததன்று. 2019-இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், 2037-38க்குள் குளிர்பதன வாயுவின் தேவையை 25 முதல் 30 சதவீதம் குறைப்பதாகச் சொன்னது. 2022-23க்குள் ஒரு லட்சம் பழுதுநீக்கும் தொழிலாளருக்குப் பயிற்சியும் சான்றும் அளிப்பதை இலக்காக வைத்தது. 2021-இல் இந்தியா கிகாலி திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அதன்படி இவ்வகை வாயுக்களின் பயன்பாடு 2028-இல் உறைநிலைக்கு வந்து, 2032 முதல் படிப்படியாகக் குறைந்து, 2047-இல் 85 சதவீதம் அருக வேண்டும். ஓட்டைக் குடங்களில் ஊற்றும் வாயுவும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. ஆயினும் அரசு ஏசியைப் பற்றிக் குடிமக்களிடம் பேசும்போதெல்லாம் பேசுவது ரிமோட்டைப் பற்றித்தான். 2020 முதல் நட்சத்திரக் குறி பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்றார்கள். 2025 ஜூனில், 20க்குக் கீழும் 28க்கு மேலும் போகவே முடியாதபடி இயந்திரங்களை அமைக்கப்போவதாக மத்திய மின்துறை அமைச்சர் அறிவித்தார். நான் இவற்றை எதிர்க்கவில்லை. ஆனால் ரிமோட் குடிமகன் கையில் இருக்கிறது, ஓட்டை நிறுவனத்தின் சேவை ஒப்பந்தத்தில் இருக்கிறது. எளிதில் கண்டிக்கத்தக்கவன் குடிமகன். நட்சத்திரக் குறியும் அப்படியே: இயந்திரம் புதிதாக இருக்கும் நாளின் திறனை அது சொல்கிறது. மூன்று கோடை கழித்து, பாதி வாயுவோடு இரவெல்லாம் மூச்சுத் திணறி ஓடும் பெட்டியின் மீதும் அதே ஐந்து நட்சத்திரம் ஒட்டியபடியே இருக்கிறது.

இனி, பேராசிரியருக்கு.

ஐயா, ஏசி பிறந்தது உடல் சுகத்துக்காக அன்று. 1902-இல் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரக் காற்றால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் இடம் மாறி அச்சானதைத் தடுக்க வில்லிஸ் கேரியர் வகுத்த ஏற்பாடு அது. முதலில் காகிதம், மனிதன் பிறகு. இன்றும் நம் பல்கலைக்கழகங்களில் அந்த வரிசை மாறவில்லை. அரிய நூல்களுக்கும் கணினிச் சேவையகங்களுக்கும் ஏசி ஓடுவதை யாரும் மோகம் என்பதில்லை. கருத்தரங்கக் கூடத்தில் 18 டிகிரியில் அமர்ந்து, அணிவித்த பொன்னாடையைப் போர்வையாக்கிக்கொண்டு பருவநிலை நீதியைப் பேசுகிறோம்; அதையும் யாரும் மோகம் என்பதில்லை. சம்பளத்துக்குள் அடங்கிய குளிர்ச்சி கண்ணுக்குத் தெரிவதில்லை, தவணையில் வாங்கியதே தெரிகிறது.

ஈரத்தைப் பற்றியும் ஒரு சொல். வியர்வை உடலைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போது மட்டுமே. காற்று ஏற்கெனவே நீரால் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால் மனித உடல் தாங்காது என்று நெடுநாள் நம்பியிருந்தோம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் நலமான இளைஞர்களை வைத்துச் செய்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு, ஈரமான சூழலில் எல்லை 31 டிகிரியை ஒட்டியே இருப்பதாகக் காட்டியது. இளைஞர்களுக்கே அப்படி. 2024 ஏப்ரல் 30 அன்று இந்நகரில் 43 டிகிரி பதிவானது செய்தியாயிற்று; அது வறண்ட வெயில், எல்லாருக்கும் தெரிந்த வெயில். ஜூன் மாதத்தில் பாதரசம் 35-ஐக் கடக்காமலேயே விடிய விடிய உடலைப் புழுக்கும் ஈரம் செய்தியாவதில்லை. ஒன்றரை டன் ஏசி இத்தகைய இரவில் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கிறது. அந்தப் பிழிதல்தான் அம்மாவுக்குத் தேவை, குளிர் அன்று.

நாம் ‘டன்’ என்று சொல்வதே பனிக்கட்டிக் கணக்கு: ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது உறிஞ்சும் வெப்பம். அந்தப் பனிக்கட்டி பாஸ்டனிலிருந்து கப்பலேறி 1833-இல் இதே கல்கத்தாவுக்கு வந்தது. சில ஆண்டுகளில் சென்னைக் கடற்கரையிலும் அதற்கென ஐஸ் ஹவுஸ் எழுந்தது. பனிக்கட்டி வாங்க இயலாத வேளைகளில் துரைமாரைக் குளிர்வித்தவர்கள் பங்கா இழுத்த கூலியாட்கள். இரவில் கண்ணயர்ந்த பங்காக்காரரை எட்டி உதைத்ததும், அவ்வாறு உதைபட்டுச் சிலர் இறந்ததும் காலனிய வழக்கு ஆவணங்களில் உண்டு. குளிர்ச்சி என்பது எக்காலத்திலும் யாரோ ஒருவரின் உழைப்பு. அந்த ஒருவர் இப்போது யார் என்று கேட்பதல்லவா நம் வேலை? நாமோ ‘ஏசி வைத்துக்கொள்வது அறமா’ என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஒருவர் ஐந்தாம் நாள் வந்தார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். தெற்கு 24 பர்கனாவிலிருந்து நாள்தோறும் உள்ளூர் ரயிலில் சியால்தாவுக்கு வருபவர். ஐடிஐயில் இதே தொழிலை இரண்டு ஆண்டு படித்தவர். ‘எல்லாரும் திருடர்கள்’ என்ற நண்பர்கள் இந்தப் பகுதியைக் கருணைகூர்ந்து முழுமையாகப் படிக்க வேண்டும்.

வெளிப்பெட்டி எங்கள் ஜன்னலுக்கு வலப்புறம், சுவரில் இரும்புத் தாங்கிகள் மீது இருக்கிறது. அதை அடைய ஜன்னல் வழியே இறங்கி, ஓரடி அகலச் சன்ஷேடில் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலை செய்ய வேண்டும். கீழே நான்கு மாடி. கயிறோ இடுப்புப் பட்டையோ இல்லை. கேட்டேன். அலுவலகத்தில் ஒன்று இருக்கிறது, இன்று வேறொருவர் எடுத்துச் சென்றுவிட்டார் என்றார். அம்மா ஜன்னலருகே நின்று, “தம்பி, வேண்டாம்ப்பா, உள்ளே வந்துடு” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. “பயப்படாதீர்கள் மாஷிமா” என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு இறங்கினார். நான் என் பங்குக்கு அவருடைய சட்டையின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு நின்றேன். அதனால் ஏதும் பயனுண்டா என்று தெரியவில்லை.

கால்மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். செம்புக் குழாயின் முனையை விரித்து நட்டுப் போட்டு முடுக்கும் இணைப்பில், சோப்பு நுரை தடவியதும் சிறுசிறு குமிழிகள். முதல் நாள் பொருத்தியபோதே அளவுக்கு மீறி முடுக்கியதால் முனை விண்டிருக்கிறது. அதுதான் காரணம் என்றார். வாங்கிய நாளிலிருந்து என் ஏசி கசிந்துகொண்டிருந்தது. “முன்பு வந்த இருவரும் ஏன் பார்க்கவில்லை, தாதா?” என்றேன். அவர் தம் சகாக்களைக் குறை சொல்லவில்லை. கணக்கைச் சொன்னார். சேவை, நிறுவனத்தினுடையதன்று, நிறுவனம் ஏஜென்சிக்குக் கொடுத்திருக்கிறது. ஏஜென்சி இவர்களுக்கு மாதச் சம்பளம் தருவதில்லை, முடித்த புகாருக்கு இவ்வளவு என்று தருகிறது. கோடையில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு புகார். கேஸ் போட்டால் அதில் ஒரு பங்கு உண்டு. கசிவைத் தேடுவதற்கு விலைப்பட்டியலில் வரியே இல்லை. நைட்ரஜன் உருளையைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறி இரண்டு மணி நேரம் செலவிட்டால், அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கூலி பூச்சியம். ஒன்பது பேருக்கு ஒரு வேக்குவம் பம்ப்.

ஆக, ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்பது ஒரு மெக்கானிக் சொல்லும் பொய்யன்று. ஊதிய முறையொன்று அவர் வாய்வழியாகப் பேசும் வாக்கியம். எது விற்கத்தக்கதோ அதுவே நோயாகக் கண்டறியப்படுகிறது. உத்தரவாதச் சீட்டும் இதற்கு உடந்தை. கம்ப்ரசருக்குப் பத்து ஆண்டு என்று பெரிய எழுத்தில் இருக்கும். வாயுவுக்கு முதலாண்டுக்குப் பின் ஒன்றுமில்லை என்பது பொடி எழுத்தில் இருக்கும். அடிக்கடி கெடுவது எதுவோ அது உத்தரவாதத்துக்கு வெளியே நிற்கிறது.

ஜூலியன் ஆர் ஒளிநகல் இயந்திரம் பழுதுபார்ப்போரோடு அலைந்து 1996-இல் வெளியிட்ட நூலை நம்மில் பலர் வகுப்பில் படித்திருக்கிறோம். கையேடு சொல்லாத அறிவை அத்தொழிலாளர்கள் ஒருவருக்கொருவர் கதைகளாகச் சொல்லிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது அதன் மையம். சன்ஷேடில் நின்ற இந்த இளைஞரிடமும் அந்த அறிவு இருக்கிறது. கசிவு எங்கே இருக்கும் என்பதை நுரை தடவும் முன்பே சொன்னார். அதைப் பயன்படுத்தினால் அன்றைய கூலி போய்விடும் என்பதுதான் அவர் நிலை. ‘பராமரிப்பு’, ‘பழுது’, ‘உள்கட்டமைப்பு’ ஆகியவை கருத்தாக்கங்களாக நம் கட்டுரைகளில் கொழிக்கும் காலம் இது. விலைப்பட்டியலில் இல்லாத அந்த ஒரு வரியைப் பற்றி எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறோம்? என்னையும் சேர்த்தே கேட்கிறேன். என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல் முழுவதும் ‘நகர்ப்புற வெப்பம்’, ஒரு மெக்கானிக்கும் அதில் இல்லை.

வேண்டுவன பெரிய சீர்திருத்தங்கள் அல்ல. கேஸ் போட்டால் ரசீதில் எத்தனை கிராம், கசிவு எங்கே இருந்தது என்று எழுதியாக வேண்டும். எழுதாமல் விற்பது குற்றமாக வேண்டும். கசிவைத் தேடுவதற்கு நிறுவனம் கட்டணமும் அதில் தொழிலாளிக்குக் கூலியும் வைக்க வேண்டும். அந்தக் கட்டணத்தை நான் மகிழ்ச்சியுடன் தருவேன். மூன்று முறை கேஸ் போட்ட காசைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வெளிப்பெட்டி மாட்ட அனுமதிக்கும் கட்டடத்தில் இடுப்புப் பட்டையைக் கோக்க ஒரு கொக்கியாவது சுவரில் பதிக்க வேண்டும் என்று நகராட்சி விதி செய்ய என்ன தடை? 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை ‘பழுது நீக்கும் உரிமை’க்கென இணையவாசல் திறந்தது. நல்லது. ஆனால் அந்த உரிமை பொருளை வாங்கியவனின் உரிமையாக மட்டுமே எண்ணப்படுகிறது. பழுதை ஒழுங்காக நீக்கும் உரிமை, பழுது நீக்குபவருக்கு உண்டா?

அன்று அவர் விண்ட முனையை வெட்டிப் புதிதாக விரித்து இணைத்தார். கேஸ் போடவில்லை. பம்ப் இல்லாமல் போட்டால் உள்ளே ஈரம் தங்கிவிடும், அடுத்த ஆண்டு கம்ப்ரசர் போகும், தாதா, என்றார். ஆனால் புகாரை அன்றே முடித்தாக வேண்டும். இல்லையேல் அவர் கணக்கில் தாமதம் ஏறும். புகாரை முடிக்க வாடிக்கையாளரின் கைப்பேசிக்கு ஓர் எண் வருகிறது. அதற்கு நிறுவனம் சூட்டியிருக்கும் பெயர் ‘மகிழ்ச்சிக் குறியீடு’. வியர்வை வழிய நின்று நான் என் மகிழ்ச்சிக் குறியீட்டை ஒப்புவித்தேன். ஐந்து நட்சத்திரமும் இட்டேன். அது மட்டும் பொய்யன்று.

இப்போது செயலியில் என் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் ஒளிர்கிறது. அறைக்குள் 34 டிகிரி. அம்மா கீழ்வீட்டு மாஷிமாவின் அறையில் உறங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. நண்பரிடம் பம்பும் தராசும் இரவல் வாங்கிக்கொண்டு காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இடுப்புப் பட்டை ஒன்று நான் வாங்கி வைத்துவிட்டேன். இட்லிக்கு எவ்வளவு அரிசி ஊறவைப்பது என்று அம்மா இன்று காலையே கேட்டார்.